இழு கருவிகள் பற்றிச் சில சந்தேகங்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள குள்ளிக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய். செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாய். வந்த கடிதத்தைப் பிரிக்காமலே தூக்கிப் போடுகிற அளவுக்கு உனக்கு மனம் கல்லாகியிருக்காது என்று நம்பி இதை எழுதுகிறேன். விடுதி முகவரியை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதே, எப்படியோ வாங்கிவிட்டேன்.

முதலில் வேலை விஷயம். மருத்துவ அகராதியில் 'அறுவைக் கருவிகள்' என்கிற பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. வெட்டுகிறவை முடிந்தன, தைக்கிறவை முடிந்தன. இப்போது இழுக்கிறவற்றில் வந்து நிற்கிறேன். ரிட்ராக்டர் என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'இழு' என்பதாம். வயலில் ஓடுகிற டிராக்டருக்கும் அதே வேர்தான். எனக்கு முன்னால் இந்தப் பகுதியைப் பார்த்தவர் 'பின்னிழுப்பான்' என்று ஒரு சொல்லைப் போட்டு வைத்திருக்கிறார். வாயில் வைத்தால் மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நீ பதினோரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள். அங்கே இதை என்னவென்று சொல்வீர்கள்? பதிப்பாசிரியர் ஏப்ரல் கடைசிக்குள் கேட்கிறார்.

அடுத்தது என் கால். ஜூலையில் கர்ப்பப்பையை எடுத்தது நல்லபடியாகத்தான் முடிந்தது. கட்டி போயிற்று, உதிரப்போக்கு நின்றது. ஆனால் மயக்கம் தெளிந்தபோது மரத்துப்போயிருந்த வலது தொடை, ஏழு மாதம் ஆகியும் என்னுடையது மாதிரி இல்லை. நிற்கும்போது முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கிவிடுகிறது. பட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன். வெளியே போக வேண்டுமென்றால் மூன்று மாடியையும் படி படியாக உட்கார்ந்துதான் இறங்குகிறேன். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற உன் அண்ணன், லிஃப்டே இல்லாத கட்டடத்தில் வீடு பிடித்தார். யாரிடம் போய்ச் சொல்ல.

உங்கள் பெரிய டாக்டர், "சில பேருக்கு நரம்பு கொஞ்சம் வீக்கா இருக்கும்மா, ஒரு வருஷத்துல சரியாயிடும்" என்றார். உன் அண்ணன் அதை ஒத்துக்கொள்ளாமல் இன்னொரு நரம்பு மருத்துவரிடம் கூட்டிப் போனார். அவர், வயிற்றைத் திறந்து வைத்துப் பிடிக்கிற தகடு ரொம்ப நேரம் விடாமல் அழுத்தினால் இப்படி ஆகும் என்று சொன்னார். அன்றிலிருந்து உன் அண்ணன் மருத்துவமனைக்கு ஒரு மனு எழுதுகிறார். எழுதுவதும் கிழிப்பதுமாக வீடு முழுக்கக் காகிதம்.

நீ அந்த அறையில் இருந்தாய். அவர் கேட்டபோது, எப்போதும் போல ரத்தம் ஒற்றுகிற காஸ் துணியை எண்ணுகிற இடத்தில் நின்றேன், எதையும் பார்க்கவில்லை என்றாய். அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனாய். எதையோ மறைக்கிறாய் என்று அவர் உன்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. நீதான் என்னிடமும் சேர்த்து நிறுத்திக்கொண்டாய். என் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான். தெரிந்ததை எழுது. அதற்கு மனம் வராவிட்டால் கருவிகளைப் பற்றியாவது எழுது.

உன் அண்ணி
(அகராதி பிடித்தவள் என்று கல்யாணமான புதிதில் நீ எனக்குப் பெயர் வைத்தது தெரியும். வேலையும் அதற்குத் தகுந்த மாதிரியே அமைந்துவிட்டது.)


பிப்ரவரி 21

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டவற்றுக்குப் பதில்.

ரிட்ராக்டரை ரிட்ராக்டர் என்றுதான் சொல்வோம். பாதி நேரம் அதையும் சொல்வதில்லை. டாக்டர் கையை நீட்டுகிற விதத்தைப் பார்த்தே எதைக் கேட்கிறார் என்று தெரிந்துவிடும். அகலமாக வளைந்திருக்கிற பெரிய தகட்டுக்கு எங்களுக்குள் 'மண்வெட்டி' என்று பெயர். ஒடுங்கலாக இருப்பது 'நாக்கு'. டாக்டருக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவரே, "அந்த மண்வெட்டிய எடும்மா" என்றார். எங்கள் முகத்தில் ஈயாடவில்லை.

'பின்னிழுப்பான்' என்றால் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. உண்மையில் அது இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். வெட்டிய இடத்தின் ஓரத்தையும் உள்ளே வழியில் நிற்பவற்றையும் ஒதுக்கிப் பிடிப்பது. டாக்டர் தகட்டை உள்ளே வைத்து, கோணம் பார்த்து, பிடியை நம் கையில் கொடுப்பார். அதற்கு மேல் நம் வேலை அசையாமல் நிற்பது. பிடிக்கிறவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. டாக்டரின் தோளும் முழங்கையும்தான் தெரியும். என்னைப் போலக் குள்ளமாக இருந்தால் முக்காலி போட்டு ஏறி நிற்க வேண்டும்.

பிரசவத்தில் குழந்தையின் தலையில் ஒட்டவைத்து இழுப்பதைக் கிண்ணம் என்போம். அதற்கும் ஏதோ பெரிய பெயர் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே நான் தியேட்டரில் இல்லை. கருவி கழுவும் அறையில் இருக்கிறேன். கழுவுவது, துடைப்பது, துணியில் சுற்றிப் பொட்டலம் கட்டுவது, நீராவிப் பெட்டிக்குள் அடுக்குவது. சாயங்காலம் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப்போயிருக்கும். யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அது வசதியாக இருக்கிறது.

உங்கள் காலைப் பற்றி அன்றைக்குச் சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள். குளிக்கும்போது தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், மரத்த இடத்தில் சூடு தெரியாது, வெந்துபோனாலும் தெரியாது.

அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

இப்படிக்கு
நாத்தனார்


மார்ச் 2

குள்ளி,

நீ எனக்கு 'மரியாதைக்குரிய' போடுகிற அளவுக்கு நான் என்ன தப்பு செய்தேன்? பள்ளிக்கூடத் தலைமையாசிரியருக்கு லீவு லெட்டர் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். இருந்தாலும் தண்ணீரைத் தொட்டுப் பார் என்று எழுதினாய் பார், அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

பெரிய பெயர் கேட்டாய். கிண்ணத்துக்கு 'வென்டூஸ்'. முதுகில் கவிழ்த்து ரத்தத்தை உறிஞ்சுகிற கிண்ணத்துக்குப் பிரெஞ்சில் இருந்த பெயர் அது. இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'காற்றடைத்த சுரைக்காய்' என்று வருகிறது. சுரைக்குடுவையை வைத்து உறிஞ்சிய காலத்துப் பேச்சு. ஃபோர்செப்ஸ் கொல்லன் பட்டறையிலிருந்து வந்தது, 'சூடானதைப் பிடிப்பது' என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். நம் குறடும் அதே பட்டறையில்தான் கிடந்தது. இந்தப் பகுதியில் எந்தப் பெயரை எடுத்தாலும் கொல்லனோ தோட்டக்காரனோ முன்னால் வந்து நிற்கிறான், டாக்டர் ஒருவரையும் காணோம். உங்கள் மண்வெட்டியும் அந்த வழக்கத்தில் வந்ததுதான் போல. இதைப் பதிப்பாசிரியரிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

பதினோரு வருடம் தியேட்டரில் நின்றவள், கழுவிக் கவிழ்க்கப் போயிருக்கிறாய். வசதியாக இருக்கிறது என்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டு பத்து நிமிடம் இருந்தவளா நீ?

போன வியாழக்கிழமை விழுந்துவிட்டேன். அடுப்படியில்தான், பெரிதாக ஒன்றும் இல்லை. கையில் இருந்த பருப்புப் பாத்திரத்தோடு உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கப் பிடிமானம் கிடைக்காமல், உன் அண்ணன் வரும்வரை ஒன்றரை மணி நேரம் தரையிலேயே இருந்தேன். சலித்துப்போய்விட்டது, குள்ளி. வலி என்றால் கத்தலாம். இதில் வலியே இல்லை. கால் இருக்கிறது, நான் சொன்னால் கேட்பதில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் தோற்றுப்போகிற மாதிரி தினமும் அதனிடம் தோற்றுப்போகிறேன்.

அவர் என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, துணி கூட மாற்றாமல் போய் மனுவை எடுத்தார். இந்தத் தடவை கிழிக்கவில்லை. அன்றைக்கு வழக்கமாகத் தகடு பிடிக்கிற நர்ஸ் லீவு என்றும், வேறு மருத்துவமனையிலிருந்து ஒருவர் மாற்றுக்கு வந்தார் என்றும் விசாரித்து வைத்திருக்கிறார்.

"நம்ம குள்ளி எண்ணுற எடத்துல நின்னா. அப்ப அந்த மாத்து நர்ஸ்தான் புடிச்சிருக்கணும். வேற யாரு?" என்கிறார்.

"நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்றேன்.

"பார்த்தவ வாயத் தொறக்க மாட்டேங்கிறா. நான் என்ன பண்றது?" என்று என் மேல் எரிந்து விழுந்தார்.

அந்த அம்மாளின் பெயரை மனுவில் எழுதிவிட்டார். மாத முடிவில் அனுப்பப் போகிறார். அவர் எழுதியிருப்பது சரிதானா என்று மட்டும் சொல்.

அண்ணி


மார்ச் 7

அண்ணிக்கு,

அந்த அம்மாவின் பெயரை எழுத வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். நிரந்தர வேலை கிடையாது, கூப்பிடுகிற இடத்துக்குப் போய் மாற்றுக்கு நிற்பவர். இப்படி ஒரு மனுவில் பெயர் வந்தால் அதற்கப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அவர் மேல் தப்பு இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

விழுந்த இடத்தில் வீக்கம் இருந்தால் படம் எடுத்துப் பாருங்கள். மரத்த காலில் எலும்பு விரிசல் விட்டிருந்தாலும் தெரியாது.

நாத்தனார்


மார்ச் 12

குள்ளி,

ஏன் என்று கேட்கிறேன்.

உன் சீட்டை அவரிடம் காட்டினேன். "தப்பு இல்லேன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? ஒண்ணும் பார்க்கலேன்னுதானே சொன்னா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எதையும் பார்க்காதவளுக்கு யார் மேல் தப்பு இல்லை என்று மட்டும் எப்படித் தெரியும்?

நானும் யோசித்துப் பார்த்தேன். நீ ஒருவரைக் காப்பாற்றுகிறாய். டாக்டரை என்று உன் அண்ணன் நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோன்றுவதை எழுதவும் பிடிக்கவில்லை. நீயாகச் சொன்னால் ஒரு மாதிரி, நான் கண்டுபிடித்துச் சொன்னால் வேறு மாதிரி.

வீக்கம் இல்லை. எலும்பும் விடவில்லை. எட்ட இருந்துகொண்டு என் காலுக்கு வைத்தியம் சொல்வதை இத்தோடு நிறுத்திக்கொள். எனக்கு டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாத்தனார் ஒருத்திதான்.

முப்பத்தொன்றாம் தேதி அவர் மனுவை அனுப்புவார். பூசி மெழுகாமல் எழுது. இல்லையென்றால் எழுதாதே, ஒரு முகம் தெரியாத அம்மாள் உனக்குப் பதிலாக மாட்டிக்கொள்ளட்டும்.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கிழிக்கிற வியாதி எங்கள் குடும்பத்துக்கே இருக்கிறது. இன்றைக்கு எனக்கு லீவு. அறையில் கூட இருப்பவள் வேலைக்குப் போயிருக்கிறாள். இப்போது எழுதாவிட்டால் இனி எழுத மாட்டேன்.

தகட்டைப் பிடித்தது நான்.

எங்கள் தியேட்டரில் ஒரு பழக்கம் உண்டு. காஸ் எண்ணுகிறவர் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே சுவர்க் கடிகாரம் இருக்கும். அங்கே நிற்கிறவர் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை "இருபது ஆச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். டாக்டர் உடனே "விடு" என்பார். தகடு பிடித்திருப்பவர் பிடியைத் தளர்த்திவிட்டு, டாக்டர் சொன்னதும் திரும்பப் பிடிப்பார். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் நசுங்கியிருக்கிற நரம்புக்கும் சதைக்கும் ரத்தம் போய் வந்துவிடும். இது எந்தப் புத்தகத்திலும் எங்களுக்கு எழுதி வைக்கவில்லை. பதினோரு வருடமாக அந்தக் குரல் என்னுடையது.

அன்றைக்கு மாற்று நர்ஸ் வந்தார். வேலை தெரிந்தவர், அமைதியானவர். ஆனால் அவருக்கு நீங்கள் யாரோ ஒரு நோயாளி. உள்ளே நிற்கவே சொந்தக்காரர்களை விடமாட்டார்கள், நான் டாக்டரிடம் கெஞ்சித்தான் அனுமதி வாங்கியிருந்தேன். அப்படி நின்றுவிட்டு, துணி எண்ணிக்கொண்டு தூரத்தில் நிற்க மனம் வரவில்லை. உங்களைப் பிடிக்கிற கை என் கையாக இருக்கட்டும் என்று தோன்றியது. "அக்கா, நான் புடிச்சிக்கிறேன், நீங்க எண்ணுங்க" என்றேன். அவர் சரி என்று மாறி நின்றுகொண்டார்.

குரல் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை அண்ணி, மறந்தும் போகவில்லை. அது ஒரு வேலை என்பதே எனக்குத் தோன்றவில்லை. மூச்சு விடு என்று யாருக்காவது சொல்லிக் கொடுப்போமா, அப்படி ஆகிவிட்டிருந்தது எனக்கு.

நடுவில் ரத்தம் கசிந்தது. டாக்டர், "நல்லா இழும்மா, ஒண்ணும் தெரியல" என்றார். முக்காலி மேல் நின்று என் உடம்பு எடை முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தேன். கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால். டாக்டருக்கு நேரம் என்பது என் குரல்தான். குரல் வரவில்லை, அதனால் அவருக்கு நேரம் ஓடவே இல்லை. அந்த அம்மா துணியைச் சரியாக எண்ணினார். ஒன்று கூடத் தவறவில்லை.

இதை எழுதத்தான் மூன்று தாள் கிழிந்தது. அரை மணி நேரத்திலேயே எனக்குக் கை கடுத்துவிட்டது. வேறு யாராவது நோயாளியாக இருந்திருந்தால், "டாக்டர், கை போகுது" என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். சொல்லிப் பழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவரும் விடச் சொல்லியிருப்பார். உங்களுக்கு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அண்ணிக்காக இதைக் கூடச் செய்ய முடியாதா என்று நினைத்தேன். கை மரத்துப்போய், வலிப்பது கூட நின்றுவிட்டது. எடுக்கச் சொன்னபோது கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு மணி ஐம்பது நிமிடம். ஒரு தடவை கூடத் தளர்த்தவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வந்தால் வராந்தாவில் அண்ணன். "எங்கடி நின்ன? பக்கத்துல இருந்தியா?" என்று கேட்டார். எண்ணுகிற இடத்தில் நின்றேன் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் அதற்கப்புறம் எட்டு மாதம் யோசித்துத்தான் அதை வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கால் எழும்பவில்லை என்று தெரிந்த அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். டாக்டர் நரம்பு வீக் என்று சொன்ன அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். உங்கள் முன்னால் நின்று சொல்லப் பயந்தேன். பயந்துகொண்டே வேலையை விட்டேன்.

இங்கே தியேட்டருக்குக் கூப்பிட்டார்கள். தகட்டைக் கழுவ முடிகிறது, பிடிக்க முடியவில்லை.

அந்த அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, அதனால் கேட்கவில்லை.

குள்ளி


ஏப்ரல் 4

குள்ளி,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாமல் உன்னை வாட்ட வேண்டும் என்று கொஞ்சம் நினைத்தேன். மீதி நாளெல்லாம் என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் போனது.

உன் அண்ணன் நின்றுகொண்டே படித்தார். மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார். சாயங்காலம் வந்து, "அத இன்னொரு தரம் குடு" என்று வாங்கிப் படித்தார். பிறகு, "வராந்தாவுல பத்துப் பேரு மத்தியில வெச்சு அதட்டுற மாதிரி கேட்டேன். பயந்திருப்பா" என்றார். உன்னை அவர் அப்போதே மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன். கூடப் பிறந்தவர்களுக்கு அது சுலபமாக வருகிறது. எனக்கு வரவில்லை.

எனக்குக் கோபம். தகட்டைப் பிடித்ததற்கு இல்லை, இழுத்ததற்கும் இல்லை. அதை எத்தனை தடவை படித்தாலும் உன் மேல் பாவமாகத்தான் இருக்கிறது. டாக்டர் என் நரம்பு வீக் என்று சொன்னார், இன்னொருவர் தகடு என்று சொன்ன பிறகும் நான் அதைத்தான் நம்பினேன். என் உடம்புதான் சோப்ளாங்கி என்று நினைத்து எட்டு மாதம் என் காலை நானே திட்டினேன். காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவரிடம் மன்னிப்பு வேறு கேட்பேன், என்னால் முடியவில்லை என்று. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் திட்டு என் காலுக்கு மிச்சமாகியிருக்கும். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உன் பயம் எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

அகராதியில் 'ஒதுக்கி' என்று போட்டுவிட்டேன். நீ எழுதியதிலிருந்து எடுத்ததுதான். விளக்கத்தில், 'பிடிப்பவர் இடையிடையே தளர்த்த வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தேன். அகராதியில் வேலை சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று பதிப்பாசிரியர் அடித்துவிட்டார். திரும்பச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். சண்டை நடக்கிறது.

மனுவை உன் அண்ணனிடமிருந்து வாங்கி நானே மாற்றி எழுதினேன். மாற்று நர்ஸின் பெயர் இல்லை. யாருக்கும் தண்டனை கேட்கவில்லை. நேரம் சொல்லுவது ஒருவருடைய பழக்கமாக மட்டும் இருக்கக் கூடாது, அதை ஒரு வேலையாகச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும், நிற்கிறவர் மாறினால் அதையும் சொல்லித்தான் மாற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நடந்தது முழுவதும் அதில் இருக்கிறது. உன் பெயர் இருக்கிறது, டாக்டர் உனக்கு அனுமதி கொடுத்ததும் இருக்கிறது. நீ இப்போது பார்க்கிற வேலைக்கு அதனால் ஆபத்து வரலாம். தெரிந்துதான் எழுதினேன். உன் பெயரை எடுத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார். முடியாது என்றேன். உன்னை வெளியே வைத்துவிட்டு அந்த அறையில் நடந்ததைச் சொல்ல வழியே இல்லை. சொன்னவள் நீ, அதனால் கீழே உன் கையெழுத்து வேண்டும். உனக்காக இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அதை உனக்குத் தபாலில் அனுப்ப மாட்டேன். நீ இங்கே வந்து படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். வேண்டாம் என்று தோன்றினாலும் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்.

கோபம் தீர்ந்த பிறகு வரச் சொல்லலாம் என்றுதான் இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். தீர்கிற வழியைக் காணோம். நீ வந்தால் முதல் நாள் உன்னிடம் பேச மாட்டேன். இரண்டாம் நாள் வாய்க்கு வந்தபடி பேசுவேன். அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார். எல்லாம் நடக்கட்டும். தீரும்வரை காத்திருந்தால் நம் இரண்டு பேருக்கும் வயதாகிவிடும். நான் கோபமாக இருக்கும்போதே வா.

அண்ணி